திருகு அளவியை ஜூன் மாதமே வெளியே எடுங்கள்: கோவை மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கோவை கணபதியில் ஒரு கேலிபரேஷன் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அது என்ன வேலை என்று உங்களில் பாதிப் பேருக்காவது கேட்கத் தோன்றியிருக்கும். தப்பில்லை. 19 வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் அம்மா இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் "தம்பி ஸ்கேல் கம்பெனியில இருக்கான்" என்றுதான் சொல்கிறார். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் விசாரித்தபோது "அளவு பார்க்கிற வேலைங்க" என்றேன். சட்டைக்கு என்ன கூலி வாங்கறீங்க என்று கேட்டார்.

இந்த ஊரில் பம்பு, மோட்டார், கிரைண்டர், பஞ்சாலை உதிரிபாகம் என்று எதைச் செய்தாலும், கடைசியில் ஒருவர் மைக்ரோமீட்டர் (உங்கள் ஆய்வகத்துத் திருகு அளவிதான்) வைத்து அளந்து பார்த்துச் சரி என்று சொல்லியாக வேண்டும். அந்த மைக்ரோமீட்டரே சரியா என்று யார் சொல்வது? அங்கேதான் நாங்கள் வருகிறோம். கருவிகள் வருடத்துக்கு ஒரு முறை எங்களிடம் வரும். எங்களிடம் உள்ள மாஸ்டர் கட்டைகளோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிழை, அந்தப் பிழையைச் சொல்வதில் எங்களுக்கே எவ்வளவு சந்தேகம் என்று இரண்டையும் எழுதிச் சான்றிதழ் கொடுப்போம். எங்கள் மாஸ்டரை வேறொரு ஆய்வகம் ஒப்பிடும். அப்படியே படிப்படியாக மேலே போனால் புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். சந்தையில் தராசுக்கு முத்திரை போட வருகிறாரே முத்திரை ஆய்வாளர், அவரும் ஒரு வகையில் எங்கள் பங்காளிதான்.

சரி, உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

சென்ற வருடம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் பிளஸ் ஒன் பிள்ளைகள் 22 பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். என் கல்லூரித் தோழர் என்பதால் முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். நீள அளவை அறை எப்போதும் 20 டிகிரியில் இருக்க வேண்டும். உலகம் முழுக்க நீளம் அளக்க ஒத்துக்கொண்ட வெப்பநிலை அதுதான். சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "சார், தியேட்டர் மாதிரி இருக்குங்க சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய பழைய ஸ்லிப் கேஜ் ஒன்றை, 100 மில்லிமீட்டர் எஃகுக் கட்டை, முதலில் அளந்து காட்டினேன். பிறகு ஒரு பையனிடம் கொடுத்து உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று நிமிடம் கழித்து வாங்கித் திரும்ப அளந்தால் திரையில் ஆறு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு, கூடியிருந்தது. "கட்டை வளந்துருச்சு!" என்று கத்தினான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "டெல்டா எல் சமம் ஆல்ஃபா எல் டெல்டா டி" என்றாள். சூடானால் நீளம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் அந்தச் சூத்திரத்தை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அது ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிற விஷயம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அப்புறம் மைக்ரோமீட்டரை அவர்கள் கையில் கொடுத்தோம். தலைமுடியைப் பிடுங்கி அளந்து, யார் முடி தடிமன் என்று ஒரே சண்டை. ஒரு பையன் கருவியை வாங்கியதும் மூடிப் பார்த்து, "சுழிப் பிழை இருக்குங்க சார், மீச்சிற்றளவு என்னங்க?" என்றான். எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு மாதமான பொறியியல் பட்டதாரிக்கு அது என்ன மொழி என்றே புரியவில்லை. ஜீரோ எரர், லீஸ்ட் கவுண்ட் என்று நான் சொன்ன பிறகுதான் சிரித்தார். தமிழ் வழியில் படித்த அந்தப் பையனுக்குக் கருத்து சுத்தமாகத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதுதான் அவனுக்குத் தெரியாமல் இருந்தது.

"இந்த வேலைக்கு என்ன படிக்கணுங்க சார்?" என்று கிளம்பும்போது கேட்டார்கள். அறையில் இருந்தவர்களையே காட்டினேன். நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். எதிர் மேசைக்காரர் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. புதிதாக வந்தவர் பி.இ. மெக்கானிக்கல். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஐ.டி.ஐ. ஃபிட்டர், 27 வருட அனுபவம். இரண்டு ஸ்லிப் கேஜைத் துடைத்து ஒன்றின்மேல் ஒன்றாக நகர்த்தி, பசையே இல்லாமல் ஒட்டவைப்பதில் அவர் கைக்கு எங்களில் யாரும் ஈடில்லை. நான்கு பேரும் நான்கு வழியில் வந்து ஒரே அறையில் நிற்கிறோம். இதை எந்தப் படிப்புப் பட்டியலும் பிள்ளைகளுக்குச் சொல்லாது.

பட்டியல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வேறொரு பள்ளியில், பெயர் வேண்டாம், வழிகாட்டி நாள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அரங்கில் சுமார் 300 பிள்ளைகள். எனக்கு முன்னால் பேசியவர் புரொஜக்டரில் படிப்புகளின் பெயரை ஓட்டினார். பி.டெக். இது, பி.டெக். அது, பி.வி.எஸ்சி., பி.எஃப்.எஸ்சி., ஏரோநாட்டிக்கல், பயோமெடிக்கல், பெட்ரோகெமிக்கல். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப் பெயர்களை அடுக்குவது போலவே இருந்தது. அந்த ஊருக்கு ஏற்கெனவே போகத் தெரிந்தவன் ஏறிக்கொள்வான். மற்றவனுக்கு அது வெறும் சத்தம். முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து, "பயோமெடிக்கல் படிச்சா காலைல ஆபீஸ் போய் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். மேடையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் படித்த காலத்தில் வழிகாட்டி என்ற வார்த்தையையே பள்ளிக்குள் கேட்டதில்லை. 2022-ல் அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு அதற்கென்று பள்ளியில் ஓர் இடமாவது கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளப் படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத இடம் வந்தது பெரிய விஷயம். வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் வந்து ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் சோதனைப் பொருளைக் கொடுக்கிறது. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எந்த வயதில் பிள்ளை தன் வழியைத் தீர்மானிக்கிறதோ அந்த வயதில் எல்லாம் பேச்சாகவும் ஸ்லைடாகவும் மாறிவிடுகிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாம் படிப்பின் பெயரைச் சொல்கிறோம், கட் ஆஃப் சொல்கிறோம், கல்லூரி சொல்கிறோம். வேலையைக் காட்டுவதில்லை. போகாத ஊருக்கு வழி சொன்ன கதைதான்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்று நாலையும் சேர்த்து ஸ்டெம் என்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் போய்க் கேளுங்கள். டாக்டர், இன்ஜினியர், அதிலும் கம்ப்யூட்டர் இன்ஜினியர். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் படிக்காதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், என் அண்ணன் மகளே அதைத்தான் படிக்கிறாள். ஆனால் நம் பள்ளிகளிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்.

வீரகேரளம் பக்கம் 1912-லிருந்து கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. நம்மூர்க் கரும்பு எதையாவது பையன்கள் கடிக்கும்போது அதன் பெயர் கோ என்று தொடங்குவது எதனால் என்று கேட்டிருக்கிறார்களா? கோயம்புத்தூரின் முதல் எழுத்து அது. சாறு நிறைந்த வெள்ளைக் கரும்பைக் காட்டு நாணல் இனத்தோடு கலந்து 1918-ல் கோ 205 என்ற ரகத்தை இங்கேதான் வெளியிட்டார்கள். வட இந்தியாவின் கரும்பு வயலே அதற்குப் பிறகு மாறிப்போனது. கரும்பு இந்த மண்ணில் நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதால் மற்ற மாநிலத்து ஆய்வாளர்கள் இன்றைக்கும் கலப்புச் செய்ய இங்கே வருகிறார்கள். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் குரோமோசோம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். பிளஸ் டூ உயிரியலில் மெண்டலின் பட்டாணியைப் படிக்கும் பிள்ளையை ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாள் கரும்புப் பூ பார்க்கக் கூட்டிப் போனால் போதும். தாவர இனப்பெருக்கவியல் என்று ஒரு தொழில் இருப்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஆர்.எஸ். புரத்தில் வன மரபியல் நிறுவனம், சவுக்கு ரகங்களை உருவாக்குகிறார்கள். ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம். அவிநாசி சாலையில் 1956-லிருந்து ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, நூலின் வலிமையை அளந்து சொல்கிற இடம். வேளாண் பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஃபவுண்டரிக்கு வாருங்கள். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து, நாணயம்போல ஒரு வில்லை வார்த்து, அதை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துத் தீப்பொறி விடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் கார்பன் இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவு என்று எண் வந்துவிடும். கார்பன் கொஞ்சம் குறைந்தால் சேர்க்க வேண்டும், கூடினால் எஃகு ஸ்கிராப்பை உலையில் போட வேண்டும். உலை காத்திருக்காது, சட்டென்று முடிவெடுக்க வேண்டும். அந்த வேலையில் இருப்பவர்கள் வேதியியல் பட்டதாரியாக இருப்பார்கள், இல்லையென்றால் மெட்டலர்ஜி டிப்ளமோக்காரர்கள். இப்போது உங்கள் பிளஸ் டூ ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். கீற்றணியை (கிரேட்டிங்) வைத்து நிறமாலைமானியில் (ஸ்பெக்ட்ரோமீட்டர்) பாதரச விளக்கின் கோடுகளைப் பிள்ளைகள் அளக்கிறார்களே, அதே இயற்பியல்தான். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று வைத்திருக்கும் நிறக்கோடுகள். ஒன்று செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண், இன்னொன்று ஒரு டன் இரும்பின் தலையெழுத்து. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை.

திருப்பூரையும் விட்டுவிட முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற முறைக்கு அந்த ஊர் மாற வேண்டியிருந்தது. இன்றைக்கு அங்கே சவ்வூடு பரவலை எதிர்த்திசையில் ஓட்டித் தண்ணீரைப் பிரிக்கிறார்கள், மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பாக எடுக்கிறார்கள், தண்ணீரும் உப்பும் திரும்பச் சாயத்தொட்டிக்கே போகின்றன. அந்த நிலையங்களை இரவு பகலாக ஓட்டுகிறவர்களுக்கு வேதியியல் தெரிய வேண்டும், பம்பு தெரிய வேண்டும், கணக்கு தெரிய வேண்டும். சாய ஆலை லேபில் தினமும் காலையில் தண்ணீரின் கடினத்தன்மை பார்ப்பார்கள். பியூரெட்டைத் திறந்து, ஒயின் சிவப்பு நீலமாக மாறும்போது நிறுத்த வேண்டும். டைட்ரேஷன்தான். நம் பிள்ளைகள் பிப்ரவரியில் பயந்து பயந்து செய்கிற அதே டைட்ரேஷன்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மருத்துவமனைகள் கோவையில் பல இருக்கின்றன. கதிர்வீச்சு எங்கே, எவ்வளவு, எந்தக் கோணத்தில் விழ வேண்டும், பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்பு தப்ப வேண்டும் என்று கணக்குப் போடுகிறவரை மெடிக்கல் பிசிசிஸ்ட் என்பார்கள். அவர் இல்லாமல் அந்தப் பிரிவு இயங்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிக்காது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. படித்து, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி முடித்தால் அந்த வேலைக்குத் தகுதி. எம்.எஸ்சி. நம் பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. நீட்டில் போய்விட்டது என்று வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் பிள்ளையிடம் இதை யாராவது சொன்னதுண்டா? அதேபோல இதய அறுவைச் சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குகிறவர், காது கேளாத குழந்தைக்குச் செவித்திறன் சோதித்துப் பேச்சுப் பயிற்சி தருகிறவர், செயற்கைக் கால் செய்து பொருத்துகிறவர். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு உண்டு.

கணக்குப் பிடித்த பிள்ளைக்குக் கணக்கு வாத்தியார் வேலை மட்டும்தான் என்று இன்னும் நினைக்கிறோம். இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பிரீமியம் நிர்ணயிக்கும் ஆக்சுவரி என்றொருவர் இருக்கிறார். அந்தத் தொழிலுக்கான நுழைவுத் தேர்வை பிளஸ் டூ முடித்தவுடனே எழுதலாம். சென்னைப் பக்கம் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது, தனி நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு. அதே போன்ற புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் என்ற தேர்வு. இதெல்லாம் ஐ.ஐ.டி.க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் போல ஆகிவிட்டது. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதுதான் கொடுமை. மே மாதம் மதிப்பெண் பட்டியலோடு வந்து, "சார், அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நீங்கள் எவ்வளவு நல்ல பதில் சொன்னாலும் பாதிக் கதவு ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது. அந்த விவரத்தைக் கரும்பலகைப் பக்கத்தில் தீபாவளி முடிந்த கையோடு ஒட்டுங்கள். காசு செலவில்லாத வேலை.

பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும் அந்த ஒரு வாரமும் இதே மாதிரிதான். 15 வயதுப் பிள்ளை கணக்கு கஷ்டம் என்று கணக்கில்லாத குரூப்பில் கையெழுத்துப் போடும்போது, எந்தெந்த வழி அத்தோடு அடைபடுகிறது என்று எதிரே உட்கார்ந்து யாராவது ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அதையே எடுத்தால் அது அந்தப் பிள்ளையின் முடிவு. பெரும்பாலும் தோழி எந்த குரூப், டியூஷன் எங்கே கிடைக்கும் என்பதை வைத்துத்தான் முடிவாகிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முதல் குரூப், மூன்றாவது குரூப் என்று பள்ளியே பிரித்துக் கொடுப்பதும் நடக்கிறது. அது சேர்க்கையே தவிர வழிகாட்டல் இல்லை.

இனி கொஞ்சம் கோபமாக ஒன்று. டிப்ளமோவையும் ஐ.டி.ஐ.யையும் தண்டனையாகச் சொல்வதை நிறுத்துங்கள். "ஒழுங்காப் படிக்கலேன்னா பாலிடெக்னிக்தான்" என்று வகுப்பில் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது எல்லாப் பள்ளியிலும் திரை கட்டிக் காட்டினோம். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. பிறகுதான் பி.இ., அப்புறம் திருச்சியில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணன் குமரி மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை, அவரும் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். டிப்ளமோ முடித்தவர் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஏணி தொடர்ச்சியாகத்தான் போட்டிருக்கிறது. முதல் படியிலேயே "தோற்றவன்" என்று முத்திரை குத்தி அனுப்பினால் எவனுக்கு மேலே ஏறத் தோன்றும்? எங்கள் ஃபிட்டர் பெரியவர் ஒரு தடவை சொன்னார், தன் பள்ளிக்கூடத்தில் ஐ.டி.ஐ. போன எட்டுப் பேரையும் பிரேயரில் வைத்துப் பெயர் சொல்லிச் சிரித்தார்களாம். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அதை மறக்கவில்லை.

நான் உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்புக்கு 2025-26 கல்வியாண்டிலிருந்து பொதுத்தேர்வு இல்லை. இதனால் பிளஸ் ஒன் பாடத்தையே தாண்டிக் குதித்து நேராக பிளஸ் டூவுக்குப் போய்விடும் பள்ளிகள் இருக்கும். முன்பும் இருந்தன, அதற்காகத்தானே 2017-18-ல் அந்தத் தேர்வையே கொண்டுவந்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கையில் கிடைத்திருக்கும் அந்த மூச்சுவிடும் நேரத்தில் பாதியையாவது ஆய்வகத்துக்கும் வெளியே போய்ப் பார்ப்பதற்கும் கொடுங்கள். ஆய்வக அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஜனவரியில்தான் தேட ஆரம்பிக்கிறோம். தூசு தட்டி, செய்முறைத் தேர்வுக்கு முன் இரண்டு வாரத்தில் எல்லாச் சோதனையையும் ஓட்டி, ரெக்கார்டு நோட்டை நிரப்பி, கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறோம். திருகு அளவியை ஜூன் மாதம் முதல் வாரமே பிள்ளைகள் கையில் கொடுங்கள். உடைந்தால்? உடையட்டும். புதிதாக இருந்து பூட்டிக் கிடப்பதைவிட உடைவது மேல். கருவிகளைப் பழுதுபார்ப்பதே சோறு போடும் எங்களைப் போன்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம்.

வெளியே போவது என்றால் 60 பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றுவதை நினைக்காதீர்கள். எந்த ஃபவுண்டரியும் அவ்வளவு பேரை உள்ளே விடாது, விடவும் கூடாது. பத்துப் பத்துப் பேராக, ஓர் ஆசிரியரோடு, ஒரு சனிக்கிழமை காலை. பெற்றோர் கையெழுத்து, அலுவலக அனுமதி, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற பயம் எல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே உலைப் பக்கம் போக வேண்டாம், லேபிலிருந்து தொடங்குங்கள். சிறிய பட்டறை முதலாளிகள் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். "பட்டறை வேலை பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்று சொல்லும் அப்பாக்களில் பலர் மனதில் இருப்பது இருபது வருடத்துக்கு முந்தைய பட்டறை. எங்கள் அளவை அறையில் இப்போது ஏழு பேரில் மூன்று பேர் பெண்கள்.

பேசுவதற்கு ஆள் கூப்பிடும்போது, தன்னம்பிக்கைப் பேச்சாளரை விட்டுவிட்டு உங்கள் பள்ளியிலேயே பத்து வருடத்துக்கு முன் படித்துவிட்டு இப்போது ஏதாவது லேபிலோ, காற்றாலையிலோ, ரேடியாலஜி பிரிவிலோ இருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு மேடையில் பேச வராது, அதுவே நல்லது. காலையில் எழுந்து என்ன செய்கிறார், எதில் சலிப்பு வருகிறது, எதில் ஏமாந்தார், கையில் எவ்வளவு வருகிறது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

சம்பளத்தைப் பற்றி நானே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தபோது மாதம் 3,500 ரூபாய். முதல் ஐந்து வருடம் கஷ்டம்தான், என்னோடு படித்தவன் ஐ.டி.யில் பெங்களூரு போய்க் கார் வாங்கியபோது நான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். சான்றிதழில் கையெழுத்துப் போடும் தகுதி கிடைத்த பிறகுதான் நிமிர்ந்தேன். நான் மேலே சொன்ன வேலைகளில் சிலவற்றில் தொடக்கச் சம்பளம் இன்றைக்கும் குறைவு, சிலவற்றில் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும், ஆராய்ச்சிப் பக்கம் போனால் முப்பது வயதுவரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடும்பத்தில் கடன் இருக்கும் பிள்ளைக்கு அது ஒத்துவராமல் போகலாம். அதையும் சொல்லித்தான் காட்ட வேண்டும். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பினால், கல்லூரி விளம்பரப் பலகைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் முதலாளியிடம் பேசிவிட்டேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பத்துப் பேர்வரை, எந்தப் பள்ளியிலிருந்து வந்தாலும் அறையைக் காட்டச் சம்மதித்திருக்கிறார். தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினால் போதும். சென்ற வருடம் வந்த ஆசிரியர் உங்கள் சங்கக் கூட்டங்களுக்கு வருகிறவர்தான், அவரிடமே கேட்டால் வழி சொல்வார். பிள்ளைகளை ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள், போன தடவை நான்கு பேருக்குச் சளி பிடித்துவிட்டது. உங்கள் ஆய்வகத்துத் திருகு அளவிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சுழிப் பிழை எவ்வளவு என்று பிள்ளைகளை வைத்தே பார்த்து, சீட்டு ஒட்டித் தருகிறோம். கட்டணம் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு கேலிபரேஷன் ஆய்வகப் பணியாளர்,
கணபதி, கோவை.